சொல்லின் உணர்வை அறியும் மாணவர்கள்



ஓர் ஊரின் மனநிலையை அறிய விரும்பியவர் முன்னாளில் என்ன செய்தார்? காப்பிக் கடைக்குச் சென்று ஒரு மூலையில் அமர்ந்தார். முடிதிருத்தும் நிலையத்தில் காத்திருந்தபோது காதைத் தீட்டிக்கொண்டார். தோட்டமாயின், மாலை நேரத்தில் லயத்து வாசலில் நடக்கும் பேச்சைக் கேட்டார். சம்பளம் போதவில்லை, தண்ணீர்க் குழாய் பழுதாகிவிட்டது, புதிதாக வந்த ஆசிரியர் நல்லவர் என்ற செய்திகள் கிடைத்தன. அவற்றைச் சொன்னவர்களின் சினமும் மகிழ்ச்சியும் கூடவே கிடைத்தன. நாற்பது பேர் பேசும் இடத்தில் இது இயலும். நான்கு இலட்சம் பேர் பேசும் இடத்தில் என்ன செய்வது?

இன்று அந்தக் காப்பிக் கடைப் பேச்சு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. ஒவ்வொரு காணொளியின் கீழும், ஒவ்வொரு செய்தியின் கீழும் மக்கள் தம் கருத்தை எழுதிச் செல்கின்றனர். அவ்வளவையும் ஒருவரே அமர்ந்து படிப்பதென்றால் ஆயுள் போதாது. ஆகவே, கணினியைக் கொண்டு அவற்றைப் படிக்கச் செய்து, எது பாராட்டு, எது சினம், எது வருத்தம் என்று வகைப்படுத்துகிறார்கள். இதற்கு உணர்வுப் பகுப்பாய்வு என்று பெயர். வணிகர்கள் தம் சரக்கு விற்பதற்கு இதனைப் பயன்படுத்துகிறார்கள். அரசியல் கட்சிகள் வாக்குக்காகப் பயன்படுத்துகின்றன. அதில் வியப்பில்லை. படிக்கும் மாணவர்கள் இதனைச் சமுதாய மாற்றத்திற்குப் பயன்படுத்த இயலுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இந்தக் கலை வளர்ந்த விதத்தைச் சற்றுக் காண்போம். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் போ பாங் என்ற ஆராய்ச்சி மாணவர், லிலியன் லீ என்ற பேராசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சிவகுமார் வைத்தியநாதன் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூன்றாமவரின் பெயர் நம் செவிக்குப் பழக்கமானதுதான். திரைப்பட விமர்சனங்களில் பாராட்டு 700, கண்டனம் 700 என எடுத்துக்கொண்டு, இவற்றைக் கணினியால் பிரித்தறிய முடியுமா என்று அவர்கள் சோதித்தனர்.

அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை செய்தார்கள். கணினித் துறை மாணவர் இருவரை அழைத்து, பாராட்டைக் காட்டும் சொற்கள் எவை, கண்டனத்தைக் காட்டும் சொற்கள் எவை என்று பட்டியலிடச் சொன்னார்கள். இருவரும் நமக்கும் தோன்றக்கூடிய சொற்களையே எழுதினர்: அற்புதம், மிகச் சிறப்பு, மோசம், கொடுமை. அந்தப் பட்டியல்களைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது ஒருவர் பட்டியல் 58 விழுக்காடும், மற்றவர் பட்டியல் 64 விழுக்காடும் சரியாக வந்தன. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 விழுக்காடு வந்துவிடுமே! ஆனால் விமர்சனங்களைக் கொடுத்து, அவற்றிலிருந்தே கற்றுக்கொள்ளும்படி கணினியை விட்டபோது அது ஏறத்தாழ 83 விழுக்காடு சரியாகச் சொன்னது. மனிதர் எண்ணிப் பார்க்காத தடயங்கள் எழுத்தில் கிடந்தன. ஆச்சரியக்குறி கண்டனத்தின் பக்கம் சாய்ந்தது. ‘இருந்தாலும்’ என்று நாம் சொல்வோமே, அப்படிப்பட்ட ஓர் ஆங்கிலச் சொல் பாராட்டின் பக்கம் சாய்ந்தது. ‘குறை உண்டு, இருந்தாலும் பார்க்கலாம்’ என்று எழுதுவது மனித இயல்பன்றோ!

கணினி எப்படிக் கற்கிறது? இரண்டு கூடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாராட்டு எழுத்துகள், மற்றொன்றில் கண்டன எழுத்துகள். எந்தச் சொல் எந்தக் கூடையில் எத்தனை முறை வருகிறது என்று கணினி எண்ணி வைத்துக்கொள்கிறது. புதிய வாக்கியம் வந்தால், அதிலுள்ள சொற்கள் எந்தக் கூடையை அதிகம் ஒத்திருக்கின்றன என்று கணக்குப் பார்க்கிறது. தொடக்கக்கால முறை இவ்வளவே. இன்றைய பெரிய மொழிப் பொறிகள் முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் சேர்த்து நோக்குகின்றன. பல மடங்கு திறமையானவை. ஆயினும் அடிப்படையில் ஒரு செய்தி மாறவில்லை. அந்தக் கூடைகளை முதலில் நிரப்பியவர் மனிதர்.

கூடையை நிரப்புவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இன்னொரு மாணவர் குழுவின் தந்திரமே சான்று. 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் டுவிட்டர் செய்திகளை ஆராய முனைந்தனர். இலட்சக்கணக்கான செய்திகளை யார் உட்கார்ந்து வகைப்படுத்துவது? எழுதியவரே போட்ட சிரித்த முகக் குறியையும் வாடிய முகக் குறியையும் அடையாளமாகக் கொண்டார்கள். 16 இலட்சம் செய்திகள் சேர்ந்தன. வகுப்புப் பாடத்திற்காகச் செய்த வேலை, பின்னர் உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்தாளும் தொகுப்பாயிற்று.

சரி, இது நம் மொழிக்கு ஒத்து வருமா? இங்கேதான் இடர்ப்பாடு. ‘மரண மாஸ்’ என்று ஓர் இளைஞர் எழுதுகிறார். மரணம் என்ற சொல்லைக் கண்டவுடன் பொறி அதனைத் துயரம் என்று எழுதிவிடும். ‘வெறித்தனம்’, ‘தெறி’, ‘பயங்கரம்’ எல்லாம் இன்று பாராட்டுச் சொற்களாகிவிட்டன. நம் நாட்டு வழக்கோ இன்னும் ஒரு படி மேல். ‘பாகுஸ் சர்வீஸ் லா, மூணு மணி நேரம் நின்னேன்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலாய்ச் சொல் ஒன்று, ஆங்கிலச் சொல் ஒன்று, பாக்கி தமிழ். அதையும் பெரும்பாலோர் ரோமன் எழுத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள். ‘பாகுஸ்’ என்றால் நன்று என்று பொருள். பாராட்டு என்று பொறி மதிப்பெண் போடும். நமக்கோ அவருடைய கால்வலி கேட்கிறது.

இக்குறையை உணர்ந்து வேலை செய்தவர்களும் மாணவப் பருவத்தினரே. அயர்லாந்தின் கால்வே நகரில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த பாரதி ராஜா சக்கரவர்த்தி, வேறு மூவருடன் சேர்ந்து, தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கருத்துரைகளை வகைப்படுத்தி 2020இல் வெளியிட்டார். திரைப்பட முன்னோட்டங்களின் கீழ் மக்கள் எழுதியவை அவை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தன்னார்வலர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்தனர். இருவர் கருத்து ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவரைக் கேட்டனர். 10,559 பாராட்டு, 2,037 கண்டனம் என்று வந்தது. இந்த இரண்டிலும் அடங்காமல் இரு மனமாய் எழுதப்பட்டவை 1,801. எஞ்சியவை உணர்வு எதுவும் புலப்படாதவையும் தமிழல்லாதவையும். தமிழர் ஒருவர் எழுதியதைத் தமிழர் இருவர் படித்து, அதன் உணர்வு இன்னதென்று உடன்பட இயலாத இடங்கள் பல இருந்தன. பொறியைக் குறை சொல்லுமுன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட இன்னொரு தொகுப்பு நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. வசையைத் தேடாமல், பிறருக்கு ஊக்கமும் ஆறுதலும் தரும் சொற்களைத் தேடியது அது. நம்பிக்கைப் பேச்சு என்று அதற்குப் பெயரிட்டார். தமிழில் மட்டும் 20,198 கருத்துரைகள் அதில் உள்ளன. எதைத் தேடுகிறோம் என்பதைத் தேடுபவர்தான் முடிவு செய்கிறார். வணிகர் இதைத் தேடியிருப்பாரா என்பது ஐயமே.

இனி, ஆராய்ச்சிக் கூடத்தை விட்டுப் பள்ளிக்கூடத்திற்கு வருவோம். 2013இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் திரிஷா பிரபு என்ற 13 வயது மாணவி ஒரு செய்தியைப் படித்தாள். இணையத்தில் இழைக்கப்பட்ட கொடுமையைத் தாங்காமல், புளோரிடாவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்பது அச்செய்தி. வசையை எழுதிய பின் நீக்குவதில் பயனில்லை, பார்த்தவர் பார்த்துவிடுகிறார் என்று அந்த மாணவி எண்ணினாள். எழுதுகிறவரின் விரல் பொத்தானை அழுத்துமுன், ‘இச்சொல் பிறரைப் புண்படுத்தக்கூடும், அனுப்பத்தான் வேண்டுமா?’ என்று கேட்கும் மென்பொருளை உருவாக்கினாள். ‘ரீதிங்க்’ என்று அதற்குப் பெயர். அவளுடைய சோதனையில், புண்படுத்தும் செய்தியை அனுப்ப விரும்பிய இளையோர் ஏறத்தாழ 71 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தனர். பள்ளி மாணவி ஒருத்தியின் சோதனை அது. எல்லா ஊருக்கும் இதே எண்ணிக்கை பொருந்தும் என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அக்கேள்வி எழுப்பப்பட்ட இடம் சரியான இடம். சொல் வாயிலிருந்து புறப்படுமுன் தடுப்பது வீட்டுப் பெரியவர் செய்துவந்த வேலை. தனித்திருந்து தட்டச்சு செய்யும் பிள்ளையின் அருகில் பெரியவர் யாரும் இல்லை.

நேயர்களே, நம் மலேசியாவில் இது எட்டி நின்று கேட்கும் கதையன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டிக்டாக்கில் தொடர்ந்து வசைக்கு ஆளான தமிழ்ப் பெண் ஒருவர் கோலாலம்பூரில் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அவ்வழக்கில் ஒரு பெண்மணிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். நாடே அதிர்ந்தது. மக்கள் எழுப்பிய குரலின் விளைவாகத் தண்டனைச் சட்டத் திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறி, 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தது. பகடிவதையால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தால், குற்றவாளிக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு.

சட்டம் வந்தது நன்று. ஆனால் சட்டம் நடந்த பின்னர் வருவது. ஆங்கிலத்தில் எழுதப்படும் வசை பொறியின் கண்ணில் எளிதில் படும். ரோமன் எழுத்தில், மலாயும் தமிழும் கலந்து, நம் பேட்டை வழக்கில் எழுதப்படும் வசை அவ்வளவு எளிதில் படாது. அதைப் பொறிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாயின், அவ்வழக்கை அறிந்தவர் வேண்டும். அவர் யார்? ஈப்போவிலும் கிள்ளானிலும் சுங்கைப்பட்டாணியிலும் படிக்கும் நம் பிள்ளைகள்தாம். வேறு நாட்டுப் பொறியாளருக்கு ‘லா’ என்ற ஓரெழுத்தின் ஏற்ற இறக்கம் விளங்குமா?

இடைநிலைப் பள்ளித் தமிழ்க் கழகமோ, கல்லூரி மாணவர் மன்றமோ இதைத் தொடங்கலாம். பெரிய கணினி தேவையில்லை. பொதுவெளியில் எவரும் படிக்கக்கூடிய கருத்துரைகள் இருநூறு போதும். எழுதியவர் பெயரை முதலில் அழித்துவிட வேண்டும். நாம் ஆராய்வது சொல்லை, ஆளையன்று. இரண்டு மாணவர்கள் ஒருவர் குறித்ததை மற்றவர் பாராமல், பாராட்டு, கண்டனம், வசை, ஆறுதல், இரு மனம் என்று தனித்தனிக் குறிப்பேட்டில் குறிக்கட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடட்டும். ஒத்துப்போகாத இடங்களில் நடக்கும் விவாதம் இருக்கிறதே, அதுதான் இப்பணியின் சாரம். ‘இது வெறும் கிண்டல்தானே’ என்று மாணவன் சொல்வான். ‘எனக்குச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்’ என்று மாணவி சொல்வாள். அந்த உரையாடல் வகுப்பில் வேறெந்தப் பாடத்திலும் அவ்வளவு எளிதில் நிகழ்வதில்லை. இப்படிக் குறித்த ஏடுகளே பின்னர் பொறிக்குப் பாடநூலாகும்.

வசை மட்டுமே பொருளாக வேண்டும் என்பதில்லை. பள்ளிப் பேருந்துச் சேவையைப் பற்றி, ஊர் மருந்தகத்தைப் பற்றி, ஆற்றில் கொட்டப்படும் குப்பையைப் பற்றி மக்கள் என்ன எழுதுகிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘மக்கள் வருத்தப்படுகிறார்கள்’ என்று நகராண்மைக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினால் அது கோப்பில் உறங்கும். இருநூறு கருத்துரைகளில் இத்தனை மாலை நேரப் பேருந்தைப் பற்றிய முறையீடு என்று எண்ணிக்கையோடு மாணவர்கள் நேரில் சென்றால், அதிகாரிக்கு விடை சொல்லும் கடமை கூடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கைப்பேசியில் எழுதுபவர் எல்லாருமே ஊராராக மாட்டார். எழுதத் தெரியாத பாட்டியும், நேரமில்லாத இரவு வேலைக்காரரும் அந்த இருநூறில் இல்லை. ஆகவே மாணவர்கள் குறிப்பேட்டுடன் அவர்களிடமும் நேரில் சென்று கேட்க வேண்டும்.

மற்றொன்று இசைவு. 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேருக்குக் காட்டும் செய்திகளில், மகிழ்ச்சிச் சொற்கள் உள்ளவற்றைச் சிலருக்கும், துயரச் சொற்கள் உள்ளவற்றைச் சிலருக்கும் குறைத்து, அதன் பின்னர் அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று கணினியால் எண்ணிப் பார்த்தது. மாற்றம் மிகச் சிறியது. ஆனால் 2014இல் இது வெளிவந்தபோது, ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று பெரும் கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமானது. நண்பர்களின் மூடிய குழுவில் எழுதப்பட்டதை எடுத்து ஆராயும் மாணவன், கேளாமல் எடுத்தால், அவனும் அதே தவற்றைத்தான் செய்கிறான்.

இப்பணியில் இறங்க விரும்பும் ஆசிரியர்கள் கணித ஆசிரியரையும் தமிழாசிரியரையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள். எண்ணுவதற்கு ஒருவர், ‘இருந்தாலும்’ என்ற சொல்லில் என்ன இருக்கிறது என்று சொல்ல மற்றொருவர். முதல் இருநூறு கருத்துரைகளைக் குறித்து முடிக்க நான்கு பாடவேளைகள் ஆகலாம்.