இரு நூல்களுக்கிடையே ஒரு தலைவர்



ஓர் அரசியல் தலைவரின் வாழ்வை இலக்கிய நிகழ்ச்சியிற் பேசுவது பொருத்தமா எனச் சிலர் வினவக்கூடும். எகிப்திய ஜனாதிபதி கமால் அப்துல் நாசரைப் பொறுத்தவரை அது பொருத்தமே. அவரது உருவாக்கத்தில் ஒரு நாவலுக்குப் பங்குண்டு. அவரது ஆட்சி பற்றிய கடுந்தீர்ப்புகளில் ஒன்றை எழுதியவரும் அந்த நாவலாசிரியரே.

அவர்தான் தௌபீக் அல் ஹக்கீம். 1933இல் வெளிவந்த அவரது 'ஆன்மாவின் மீட்சி', 1919ஆம் ஆண்டின் எகிப்திய எழுச்சியைப் பின்னணியாகக் கொண்டது. துயின்று கிடக்கும் தேசம் ஒருநாள் விழித்தெழும் என்ற நம்பிக்கை அதில் இழையோடுகிறது. இளமையில் நாசர் அதனை விரும்பிப் படித்தார்.

1918இல் அலெக்சாந்திரியாவில் அஞ்சல் ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்த நாசர், இராணுவ அதிகாரியானார். 1882இல் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷாவும் எகிப்திய இராணுவ அதிகாரியே. அவர் நமது இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வாழ்ந்ததை நேயர்கள் அறிவர். எழுபது ஆண்டுகளின் பின், 1952 ஜூலையில், நாசரும் தோழர்களும் மன்னர் பாரூக்கை முடிதுறக்கச் செய்தனர். நிலச் சீர்திருத்தம் வந்தது. 1956 ஜூலை 26இல் சூயஸ் கால்வாய் தேசியமயமாக்கப்பட்டது. பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்றும் படையெடுத்தும் ஈற்றில் பின்வாங்க நேர்ந்தது. 1953இல் தொடங்கிய 'அரபுகளின் குரல்' வானொலி, நாசரின் சொல்லை அரபுலகெங்கும் கொண்டு சென்றது. 1958இல் சிரியா எகிப்துடன் இணைந்தது. 1961இல் அந்த இணைப்பு முறிந்தது.

இவற்றோடு மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கட்சிகள் கலைக்கப்பட்டன. மாற்றுக் கருத்தினர் சிறை புகுந்தனர். பின்னர் புகழ்பெற்ற நாவலாசிரியரான சொனல்லா இப்ராஹீம், 1959 முதல் 1964 வரை சிறையிலிருந்தார். குறை கூறும் குரல் அடங்கிய நாட்டில், ஆள்வோர் தம் குரலின் எதிரொலியையே கேட்பர். 1967 ஜூனில் எகிப்திய விமானங்கள் தரையிலேயே அழிந்துகொண்டிருக்க, அதே வானொலி வெற்றிச் செய்திகளை முழங்கியது. உண்மை வெளிப்பட்டபோது மக்கள் இழந்தவற்றில் வானொலிமீது வைத்த நம்பிக்கையும் ஒன்று.

ஜூன் 9இல் நாசர் பதவி விலகுவதாக அறிவித்தார். மக்கள் வீதிக்கு வந்து வேண்டவே பதவியில் நீடித்தார். அவ்வாண்டே சிரியக் கவிஞர் நிசார் கப்பானி, தோல்விக்கான காரணங்களை ஒளிக்காது கவிதையில் வடித்தார். எகிப்தில் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. கவிஞர் நாசருக்கே கடிதம் எழுதினார், தடை நீங்கியது. நாசரின் பெருந்தன்மையாக இதனைக் கொள்ளலாம். எனினும், ஒரு கவிதை வாழ ஜனாதிபதியின் அனுமதி தேவைப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

1970 செப்டெம்பர் 28இல் நாசர் மறைந்தார். 1974இல் ஹக்கீம் 'விழிப்புணர்வின் மீட்சி' என்ற நூலை வெளியிட்டார். ஒரு தலைவரின் கவர்ச்சியில் மயங்கி, தாமுட்பட்ட அறிவாளர்கள் விழிப்பை இழந்திருந்தனர் என்பது அதன் சாரம். நாசர் உயிருடனிருந்தபோது அவரால் மதிக்கப்பட்ட ஹக்கீம், அப்போதே இதைக் கூறாததேன் எனப் பலர் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே.

இடித்துரைக்கும் பெரியோரின் துணையை வள்ளுவர் அரசனுக்கு வலியுறுத்தினார். அத்துணை உரிய காலத்திற் கிடைக்க வேண்டும். கப்பானியின் கவிதை நாசரின் கைக்கு எட்டியது. ஹக்கீமின் நூலோ அவர் மறைந்த பின்னரே வந்தது.