தோட்டத்து மக்களும் சபைக் கணக்கும்

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி முதன்முதற் கண்ட கணக்குப் பத்திரங்களுள் ஒன்று ‘துண்டு’ என்பதாகும். இவனுடைய கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பின் இவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை கையொப்பமிட்டளித்த சிறு தாள் அது. அதனை வாசிக்கப் பலரால் இயலாது. ஆயினும் அத்தாளே அவர்தம் போக்குவரவை நிர்ணயித்தது. 1921ஆம் ஆண்டிலே சட்டம் அம்முறையை ஒழித்தது. எழுதிய கணக்கைக் கண்டு அஞ்சும் வழக்கமும் உடன் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை.

நேயர்களே, அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரதேச சபை வாக்காளர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் பிறந்தன. எனினும் அதன் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. வாக்கு உண்டு, வரவு செலவில் இடமில்லை! 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிதிறந்தது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்னரே நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பெருஞ் சபைகள் பிரிக்கப்பட்டு, அக்கரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும் தோன்றின. ஆகவே, லயத்துப் பாதைக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற வினா இப்பொழுதுதான் பொருளுடையதாயிற்று.

கணினிவழிக் கணக்குமுறை வந்தபின், பயன்படுத்துவோரின் திருப்தியை அளப்பது ஆராய்ச்சியாளர் வழக்கம். 1992இல் டிலோன், மக்லீன் என்னும் அறிஞர் இருவர் வகுத்த அளவுகோலில், தகவலின் தரத்தோடு பயனாளர் திருப்தியும் ஓர் உறுப்பு. நல்ல அளவுகோலே. ஆனால், பயனாளர் யார்? எழுதுவினைஞரைக் கேட்டால், கூட்டலிற் பிழையில்லை, அறிக்கை விரைவிற் கிடைக்கிறது என்று மகிழ்வார். அம்மகிழ்ச்சி பொய்யன்று, முழுமையுமன்று. கொழுந்து மடுவத்திலே தராசைக் கூர்ந்து நோக்கும் பெண்ணும் ஒரு பயனாளரே. கிலோ எத்தனை, கழிவு எத்தனை என்பதை அவள் அறிவாள். செக்ரோலிற் பெயர் விழாவிடின் அன்றே கேட்பாள். அவளுக்கு விளங்காதது கணக்கன்று. ‘மூலதனச் செலவினம்’, ‘திரண்ட நிதி’ போன்ற சொற்களே.

தமிழ்நாட்டிலே ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபைக் கூட்டத்தில் வாசிப்பதுண்டு. 2020 முதல் ‘இ-கிராம் சுவராஜ்’ என்னும் இணையத்தளத்திலும் கணக்குகளைக் காணலாம். தளத்திலும் கூட்டத்திலே ஓர் அநுகூலம்: விளங்காதவர் எழுந்து கேட்கலாம்.

இலங்கையிற் கேட்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழங்கியது. எழுத இயலாதவர் வாயாற் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளல் வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்தலும் வேண்டும். ஆயின், வேலைநாளில் சபை அலுவலகத்திற்குப் பேருந்தேறும் தொழிலாளி ஒரு நாட் பேரை இழக்கிறார். திருப்தியை அளக்கும் எந்த வினாத்தாளிலும் அந்த இழப்பு எழுதப்படுவதாகத் தெரியவில்லை. பாதை, பீலி, விளக்கு என்று எளிய தமிழிற் பெயரிட்டு, மாதந்தோறும் அக்கணக்கை மடுவத்துச் சுவரிலே ஒட்டுவார்களாயின் அந்நாட் பேராவது மிஞ்சும்.