கண்ணில் அடிபட்டால்: முதல் நாளும் அடுத்த ஓராண்டும்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடந்த தொழிற்பாதுகாப்புக் கருத்தரங்கில், கண் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை.)



நம் ஆட்களுக்குக் கண்ணில் எப்படி அடிபடுகிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டும்போது வாது தெறித்துக் குத்தும். புல்வெட்டும் மெஷினில் பட்ட கல் பறந்து வரும். இரும்பை இரும்பால் தட்டும்போது துணுக்குத் தெறிக்கும். லயத்தில் விறகு பிளக்கும்போது சிராய் பாயும். தீபாவளி வெடியாலும் கெட்டபோலாலும் பிள்ளைகளுக்கு அடிபடும்.

அப்படி வந்தவர்களில் பார்வை திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. காயம் எவ்வளவு பெரியது என்பது ஒரு காரணம். அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் வேறு இரண்டு காரணங்கள் நம் கையில் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பது ஒன்று. தையல் போட்ட பிறகு கிளினிக்குக்கு விடாமல் வந்தார்களா என்பது மற்றது.

நம் கண் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் அகலமுள்ள ஓர் உருண்டை. முன்னால் கண்ணாடி போல் இருப்பது விழிவெண்படலம். அதன் தடிப்பு நடுவில் அரை மில்லிமீற்றர்தான். அதற்குப் பின்னால் வில்லை. உருண்டைக்குள்ளே தெளிந்த ஜெல்லி போன்ற ஒரு பொருள். பின்சுவரில் படம் விழும் விழித்திரை. ஒரு வாது குத்தினால் இவற்றில் எது கிழிந்தது, எது தப்பியது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். இரும்புத் துணுக்கு உள்ளே போனால் சில வேளை வலியே இருக்காது. அது உள்ளே கிடந்து துருப்பிடித்து, மெல்ல மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். "இரும்பில் தட்டும்போது பட்டது" என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எதைப் படம் எடுத்துப் பார்ப்பது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

இப்போது முதல் சில மணி நேரம். குத்துப்பட்ட கண்ணைக் கசக்கக் கூடாது, அழுத்தித் துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது. குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். செடிகொடி பட்ட காயத்தில் பூஞ்சணம் பற்றினால், சில சொட்டு மருந்துகள் அதை இன்னும் வளர்த்துவிடும். ஒரு சுத்தமான யோகட் கப்பைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் தாங்கும்படி ஒட்டுங்கள். சோறு தண்ணீர் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம்.

மருந்து தெளிக்கும்போதோ சுண்ணாம்பு கரைக்கும்போதோ கண்ணில் பட்டால் மட்டும் இதற்கு நேர்மாறு. நின்ற இடத்திலேயே, கிடைத்த நல்ல தண்ணீரால் உடனே கழுவத் தொடங்குங்கள். குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகுதான் வண்டி.

கிழிந்த கண்ணை 24 மணி நேரத்துக்குள் தைத்துவிட வேண்டும் என்றுதான் கண் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பார்ப்பார்கள். அதற்கு மேல் போகப் போக, உள்ளே கிருமி புகுந்து சீழ் வைக்கும் ஆபத்துக் கூடும். சீழ் வைத்தால் ஓரிரண்டு நாளில் பார்வை போய்விடலாம். அதனால் தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். தோட்டத்து வண்டி இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அதற்குக் காசில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் காசில்லை.

அங்கே ஏற்பு ஊசி போடுவார்கள், கிருமிக்கு மருந்து கொடுப்பார்கள். பிறகு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நைலோன் நூலால் கிழிசலைத் தைப்பார்கள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கட்டு அவிழ்த்ததும் பார்வை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராததும், "கண் போய்விட்டது, இனிக் கிளினிக் எதற்கு" என்று நின்றுவிடுகிறார்கள்.

காற்றில் கூரைத் தகரம் பறந்தால் முதலில் மழை உள்ளே வராமல் மூடுகிறோம். வீட்டுச் சாமான்களை அடுக்குவது பிறகுதான். முதல் சத்திரசிகிச்சையும் அப்படித்தான். அது உருண்டையை மூடுகிறது. பார்வைக்கான வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. வில்லை உடைந்து வெள்ளையாகியிருந்தால் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கலாம். உள்ளே இரத்தம் நிறைந்திருந்தாலோ விழித்திரை கழன்றிருந்தாலோ, பெரும்பாலும் ஓரிரண்டு வாரத்தில் உள்ளே உள்ள ஜெல்லியை வெட்டி எடுத்து விழித்திரையை ஒட்டவைப்பார்கள். இந்த முறை 1970களில்தான் உலகில் பரவத் தொடங்கியது. நம் தாத்தா பாட்டி காலத்தில் கைவிட்ட கண்களில் சில இன்று தப்புவது இதனால்தான்.

அப்படி ஒட்டவைக்கும்போது சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். மலைநாட்டுக்காரர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். உயரத்துக்கு ஏறினால் அந்தக் குமிழி விரியும், கண்ணில் அழுத்தம் ஏறும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் சத்திரசிகிச்சை முடித்து அப்படியே பஸ்ஸில் மலையேறினால் கண்ணுக்கு ஆபத்து. "என் கண்ணில் வாயு வைத்திருக்கிறீர்களா? என் வீடு மலையில் இருக்கிறது, எப்போது போகலாம்?" என்று டிக்கட் வெட்டுமுன் கேளுங்கள். அந்த வைத்தியருக்கு உங்கள் தோட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம்.

விழிவெண்படலத் தையலைப் பிரிக்க மாதங்கள் ஆகும். தழும்பு பார்வையை மறைத்தால், இறந்த ஒருவர் தானம் செய்த படலத்தை வைத்துத் தைக்கலாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம், நம் நாட்டுக்கு மட்டுமல்ல, பல வெளிநாடுகளுக்கும் இந்தப் படலங்களை அனுப்பியிருக்கிறது. சிறு பிள்ளையாக இருந்தால், காயம் ஆறியும் அந்தக் கண் பார்க்கப் பழகாமல் போய்விடும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிப் பயிற்சி கொடுக்கச் சொல்வார்கள். பிள்ளை அழுதாலும் விடக் கூடாது.

இன்னொன்று, அடிபடாத கண். அபூர்வமாக, ஒரு கண் குத்துப்பட்டு வாரங்களோ மாதங்களோ கழிந்த பிறகு மற்றக் கண்ணிலும் அழற்சி வரும். புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெயிலுக்கு மூன்று வயதில், அப்பாவின் தோல் பட்டறையில், ஊசிக்கருவி பட்டு ஒரு கண் போனது. பிறகு மற்றக் கண்ணும் போனது. அந்த 1812ஆம் ஆண்டில் அதைத் தடுக்க மருந்து இல்லை. இன்று இருக்கிறது. நல்ல கண் சிவந்தாலோ, மங்கினாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ அன்றைக்கே ஓடி வாருங்கள்.

எல்லாக் கண்ணையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். சிலருக்குக் கைவிரல் எண்ணும் அளவுக்கு வரும். சிலர் திரும்பவும் பேப்பர் வாசிப்பார்கள். அந்த வித்தியாசம் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். ஆனால் கிளினிக் போனால் பேர் விழாது. பஸ் காசு கைக்கு வராது. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அதனால்தான் பாதியில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

சங்கம் செய்ய வேண்டியது இங்கேதான். விபத்து நடந்த அன்றே, நேரம், இடம், பார்த்தவர்கள் என எல்லாவற்றையும் தோட்டத்தில் பதிய வையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் பட்ட காயத்துக்கு உரியது. வைத்தியசாலைக் காகிதங்கள் ஒன்றையும் தொலைக்காதீர்கள். தையல் போட்ட கண்ணோடு நெற்றியில் கயிறு போட்டுக் கூடை சுமக்கச் சொன்னால், வைத்தியரின் கடிதத்தைக் காட்டி இலேசான வேலை கேளுங்கள். கவ்வாத்துக்கும் மெஷினுக்கும் மருந்து தெளிக்கவும் போகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கேளுங்கள். கொடுத்தால் அதைச் சட்டைப் பையில் வைக்காமல் போடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு சிறிய கொப்பி வையுங்கள். கண் அடிபட்டவரின் பெயர், அடுத்த கிளினிக் திகதி, கூடப் போகிறவர் யார், இவ்வளவு போதும். திகதிக்கு முந்தின நாள் மாதர் தலைவி அந்த லயத்துக்குப் போய், "நாளைக்குக் கிளினிக், மறந்துடாதக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.