பிள்ளையின் மனசுக்கும் வைத்தியம் வேண்டும்

(ஊத்துக்குளியில் பஞ்சாலை, பனியன், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், ஷிப்டு நேரம் ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, மனசுக்கு வைத்தியமா?" என்று சிலர் நினைக்கலாம். இது புதுச் சங்கதி அல்ல. நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற சங்கதிதான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். மனசு நொந்த பிள்ளைக்கு நெற்றி சுடுவதில்லை. நேற்றுவரை ஓயாமல் பேசிய பெண் திடீரென்று வாய் மூடிவிடுகிறாள். பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் பையனுக்கு வயிறு வலிக்கிறது. வளர்ந்த பிள்ளை பாயை நனைக்கிறது. சோறு வேண்டாம் என்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "திமிர்" என்கிறோம், "சோம்பல்" என்கிறோம். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன, பெரும்பாலானவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பாரம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பாரம் ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. தகப்பனுக்கு ராத்திரி ஷிப்டு, தாய்க்குப் பகல் ஷிப்டு. பள்ளி விட்டுப் பிள்ளை வந்து தானே கதவைத் திறக்கிறது, பேச ஆளில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூருக்கு வந்த ஆர்டர்கள் குறைந்தன. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து நம் சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்து விழுந்தது. கடன் பேச்சும் சண்டையும் நடக்கும்போது பிள்ளை தூங்குகிறது என்று நினைக்கிறோம். அது கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியின் பிள்ளைக்கோ, தன் துக்கத்தைச் சொல்ல வகுப்பில் பாஷையும் இல்லை.

இதன் மேல் பரீட்சை பயம். 2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள் என்று அரசாங்கத்தின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஆண்டு பரீட்சைத் தோல்வியைக் காரணமாகக் காட்டிப் பதிவான சாவுகள் 2,248.

வெண்ணெயைப் பற்றி ஊத்துக்குளிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாடுபட்டு வளர்த்த பிள்ளையை இப்படிப் பறிகொடுப்பது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அல்லவா?

தலைவிதி அல்ல

இதைத் தடுக்க முடியும். தமிழ்நாடே அதற்குச் சாட்சி. முன்பு பரீட்சையில் தவறினால் ஒரு வருஷம் போயிற்று. சென்னையில் 1986இல் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். உடனடியாக மறுபரீட்சை எழுதும் வழி வந்தது. தவறிய பிள்ளை அதே வருஷம் மேலே படிக்க முடிந்தது. 2017இல் முதலிடம், இரண்டாமிடம் என்று தம்பட்டம் அடிக்கும் முறையும் நிறுத்தப்பட்டது. "பிள்ளைக்கு மனத்திடம் போதாது" என்று கைகழுவியிருந்தால் இவை நடந்திருக்குமா?

ஆனால் பள்ளிக்குள் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டுமே! 2013இல் தமிழக அரசு பத்து நடமாடும் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. அப்போது மாநிலத்தில் 32 மாவட்டங்கள். ஒரு வண்டி மூன்று மாவட்டத்தின் பள்ளிகளைச் சுற்றி வந்து, எந்தப் பிள்ளையின் கதையைப் பொறுமையாகக் கேட்கும்? 2022இல் அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் பெட்டி திரும்பிப் பேசாது. ஆசிரியர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதும் நியாயமல்ல. திருப்பூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

தருமம் அல்ல, உரிமை

அரசுச் செலவில் மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண்ணின் சாவு பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கவோ, எல்லோர் முன்னும் அவமானப்படுத்தவோ கூடாது. தனிச் சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்றும் சொன்னது.

தீர்ப்புக் காகிதம் தானாக நடந்து ஊத்துக்குளிக்கு வராது. நாம்தான் கொண்டுவர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி காலியாகக் கிடக்கலாமா? வேலை நேரத்தில் கூட்டம் என்றால் மாலையில் வைக்கச் சொல்லுங்கள். "நம் பள்ளிக்கு ஆலோசகர் எங்கே?" என்று கேட்டுத் தீர்மானம் எழுதுங்கள். ஆள் போடும்வரை வாரத்தில் ஒரு நாளாவது மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒருவர் வரட்டும் என்று கேளுங்கள். கிராமசபையிலும் இதையே எழுப்புங்கள்.

அதுவரை 14416 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். காசில்லாமல், இரவும் பகலும் பேசலாம். இருபது மொழிகளில் உதவி உண்டு. பக்கத்து வீட்டு வடநாட்டுத் தோழருக்கும் சொல்லுங்கள். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் 1098.

"செத்துப்போகலாம் போலிருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டென்று விடாதீர்கள். அடிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள்.

எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தட்டில் வைத்துத் தரவில்லை. கேட்டோம், சேர்ந்து நின்றோம், கிடைத்தது. பள்ளிக்கு ஓர் ஆலோசகர் என்பதையும் அப்படியே கேட்போம். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வேலை உடுப்போடு நேராக வாருங்கள், தோழர்களே!