58 வயதுக்கு முன்பே ஓயும் உடல்



தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் இ.எஸ்.ஐ. பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். இலக்கிய மேடையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள் நம் எழுத்துக்குள் வந்து வெகுநாளாகிறது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' வந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல். கம்பெனிக்குள் நுழைகிறவர்கள் கதைகளில் வருகிறார்கள். நாற்பத்திரண்டு வயதில் இடுப்பு போய் வெளியே வந்தவர், அதன்பிறகு சர்க்கரை மாத்திரைக்கு என்ன செய்தார் என்பது அதிகம் வருவதில்லை. நம் வளவுகளிலும் காலனிகளிலும் வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு பழைய செய்தி. அண்ணல் அம்பேத்கர் 1942 ஜூலை முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தத் துறையின் காலத்தில்தான், 1943இல், ஆலைத் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை கொடுத்தார். எந்தத் தொழில்களில் தொடங்கலாம் என்று அவர் சொன்ன பட்டியலில் ஜவுளித் தொழில் இருந்தது. 1948இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆக, இந்தச் சட்டம் கருவானதும் பிறந்ததும் தலித்துகள் பொறுப்பேற்றிருந்த ஒரு துறையில். இன்று திருப்பூரில் நம் பெண்கள் 'கம்பெனியில இ.எஸ்.ஐ. குடுக்குறாங்க' என்று, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பதைப் போலச் சொல்கிறார்கள். யாரும் கொடுக்கவில்லை. அது நம் கூலியிலிருந்து போகும் பணம்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்குபவரிடம் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். 2019 ஜூலைக்கு முன் இது 1.75, 4.75 சதவீதமாக இருந்தது. குறைப்பில் தொழிலாளிக்கு மிச்சம் 120 ரூபாய், முதலாளிக்கு 180 ரூபாய். தொழிலாளிக்கு நன்மை என்று அறிவித்த குறைப்பில் யாருக்கு அதிகம் போயிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இருந்தும் இதைப் போன்ற திட்டம் வேறொன்று இல்லை என்பதை நாங்கள் அழுத்திச் சொல்வோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். தனியார் பாலிசியும் பெரும்பாலும் அப்படித்தான். பனியன் தொழிலாளியைத் தின்பது ஆபரேஷன் செலவு மட்டுமல்ல. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, முதுகுக்கு எடுக்கும் ஸ்கேன், வேலைக்குப் போகாத நாளின் கூலி இவையெல்லாம் சேர்ந்து தின்கின்றன. இ.எஸ்.ஐ.யில் பெயர் ஏறிய நாளிலிருந்தே வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கணக்கில் இருந்தால், நோயில் கிடக்கும் நாட்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி வரும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம். 'படுத்துக்கொள், கூலி வரும்' என்று சொல்லும் திட்டம் நம் ஜனங்களுக்கு இது ஒன்றுதான்.

இதில் யாருடைய பெயர் ஏறுகிறது என்பதுதான் சாதிக் கேள்வி.

ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலில், கவுண்டர் சமூகத்துக் குடியானவர்கள் தொழிலாளிகளாக வந்து முதலாளிகளான கதையைச் சொல்கிறார். தங்கள் உழைப்பே மூலதனமாயிற்று என்று அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நம் ஜனமும்தான் அதே வெயிலில் உழைத்தது. நிலமும் உறவும் கடன் கொடுக்கும் கையும் இல்லாத உழைப்பு மூலதனமாகவில்லை, மூட்டுவலியாயிற்று. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரும் 2014இல் எழுதிய கட்டுரை இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களை ஒப்பிட்டார்கள். ஒன்றில் தலித்துகள் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஊர்க்காரர்களின் பிடி தளர்ந்தது. மற்றொன்றில் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கி, அந்தக் கடனே கட்டாகி, அதே ஊர்க்காரர்களின் தறியில் நின்றார்கள்.

முன்பணம் வாங்கிய தறிக்காரருக்குச் சம்பளச் சீட்டு ஏது? பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் சட்டம் வரும் என்பதால் ஒரே கூடத்தை அண்ணன் பெயரில் பாதி, மனைவி பெயரில் பாதி என்று காகிதத்தில் பிரித்து வைப்பது இங்கே பழகிப்போன வித்தை. பனியன் கம்பெனியிலும் கட்டிங் மாஸ்டருக்கும் நிரந்தர டைலருக்கும் பெயர் ஏறும். காண்ட்ராக்டர் கூட்டி வரும் செக்கிங், மடிப்பு, பேக்கிங் ஆட்களுக்கு, பவர் டேபிள் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு, வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டும் பாட்டிக்கு ஏறாது. கீழே இறங்க இறங்க நம் முகங்கள் கூடும், ரெஜிஸ்டரில் பெயர்கள் குறையும். 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூவர் நச்சுவாயுவில் செத்தார்கள். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் தர இ.எஸ்.ஐ. சட்டத்தில் இடமுண்டு. தொட்டிக்குள் இறங்குபவர் யாருடைய தொழிலாளி என்ற கேள்விக்கு மட்டும் எந்த ரெஜிஸ்டரிலும் பதில் இருப்பதில்லை.

சரி, பெயர் ஏறியது என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் அறிந்த ஓர் அக்கா. அவிநாசிப் பக்கத்துக் காலனி. பதினேழு வயதில் கைமடிக்கப் போனவர், பிறகு செக்கிங். சீசனில் தினமும் ஒன்றரை ஷிப்ட். டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளைத் துணியில் ஊசி ஓட்டை தேடும் வேலை. நாற்பத்து மூன்றில் சர்க்கரை, பிறகு பார்வை மங்கல். ஒரு சனிக்கிழமை சம்பளக் கவரைக் கையில் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டர், 'கண்ணு பத்தறதில்லீங்க்கா, திங்கக்கிழமையிலிருந்து கொஞ்சம் வீட்லயே இருங்க' என்றார். அவ்வளவுதான். நோட்டீஸ் இல்லை, கணக்கு இல்லை, துண்டுச் சீட்டு இல்லை.

இந்தத் துண்டுச் சீட்டைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இ.எஸ்.ஐ. விதிகளில் அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்தவர் ஓய்வு வயதில் வெளியே வந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தானும் கணவரோ மனைவியோ தொடர்ந்து மருத்துவம் பெறலாம். ஆண்டுக்கு 120! விருப்ப ஓய்வில் போனாலும் முன்கூட்டியே ஓய்வு பெற்றாலும் இது உண்டு. ஆனால் ஓய்வு பெற்றதற்குச் சான்று வேண்டும். திருப்பூரில் யார் ஓய்வு பெறுகிறார்கள்? நிற்கச் சொல்கிறார்கள், நிற்கிறோம். அந்த அக்கா இருபத்தாறு ஆண்டு உழைத்தார். ஆறு கம்பெனி, மூன்று காப்பீட்டு எண்கள். எந்த எண்ணிலும் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு இல்லை. எண்களை ஒன்றாக இணைக்க மனுக் கொடுத்தோம். ஓய்வுச் சான்று எங்கே என்று கேட்டார்கள். சட்டம் ஆலை வாயிலில் மாலை போட்டு வழியனுப்பப்படும் மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. நம்மவர்களை வாயில்வரைகூட யாரும் வழியனுப்புவதில்லை.

பிறகு அவருக்கு என்ன இருக்கிறது? முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவர் ஒருவரே மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வாங்கினால் எல்லை தாண்டிவிடும். பலரும் குறைத்துச் சொல்லித்தான் வருமானச் சான்று வாங்குகிறார்கள். நாங்கள் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை, அந்த எல்லைதான் பொய். ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் வருமானம் பாராமல் ஐந்து லட்சம் காப்பீட்டைத் தொடங்கியது, 70 வயது ஆனவர்களுக்கு. நாற்பத்து மூன்றிலிருந்து எழுபது வரை இருபத்தேழு வருடம். 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வாங்க முடிந்தவர்களுக்கு மகிழ்ச்சி. ஏற்கெனவே சர்க்கரை இருப்பவருக்கு மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்லும் பாலிசியை, மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டுகிறவர் எதை வைத்து வாங்குவார்?

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திருப்பூருக்குக் கிடைத்தது. அதுவரை பெரிய சிகிச்சைக்குக் கோவை சிங்காநல்லூருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. ஒரு நாள் மருத்துவம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனை என்கிறார்கள். நாற்பதில் உடம்பு விழத் தொடங்குகிறது என்பதை அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதான். எங்கள் பயம் வேறு. பரிசோதனைச் சீட்டு கம்பெனி கையில் போய்ச் சேர்ந்தால், சர்க்கரை உள்ளவரைச் சலித்து எடுக்கும் சல்லடையாக அது மாறிவிடும். முடிவு தொழிலாளி கைக்கும் மருத்துவர் கைக்கும் மட்டுமே போக வேண்டும் என்று இப்போதே கேட்டாக வேண்டும்.

அதோடு, ஓய்வுச் சான்று என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும். மொத்தமாக ஐந்து ஆண்டு, எத்தனை கம்பெனி, எத்தனை எண்ணானாலும், பங்களிப்புக் கணக்கில் தெரிந்தால் போதும். 120 ரூபாயைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுக்கட்டும். காண்ட்ராக்டர் ஆட்களுக்கும் மூல கம்பெனியே பொறுப்பு என்பதும், முதலாளி கட்டத் தவறினாலும் தொழிலாளிக்குரியதைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்கக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைக் கேட்கப் புதிய சட்டம் வேண்டியதில்லை, கேட்கிற ஆள் வேண்டும். 1984இல் இதே ஊர் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர்.

எழுத்தாளத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டி வீட்டில் உட்கார்ந்துவிட்டவரிடம் போய், எந்த வருடம் எந்தக் கம்பெனி, எந்த வேலை, எந்த எண் என்று எழுதி வாங்குங்கள். பழைய அட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கும், சேலைக்கு அடியில். நாங்கள் அவற்றைத் தொகுத்து மனுவாக்குகிறோம். அந்த அக்காவின் மூன்று எண்களில் இரண்டு இதுவரை இணைந்திருக்கின்றன.