பெயரை ஒளித்த பெண்கள்

(அச்சன்புதூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



"பெண்களும் எழுத்தும்" என்பதைப்பற்றி நாம் பேசவேண்டுமென்று தலைவர் கட்டளையிட்டிருக்கிறார். எழுதிய பெண்களுக்கெல்லாம் ஒரு புகழ்மாலை சூட்டிவிட்டுப் போவது சுலபம். அதனால் அவர்களுக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. ஆதலால் எழுதிய பெண்களில் அநேகர் தங்கள் பெயரை ஏன் ஒளித்துக்கொண்டார்கள் என்கின்ற ஒரு சங்கதியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறோம். திருடன் பெயரை ஒளிக்கிறான், கடன்காரன் ஒளிக்கிறான். கதை எழுதினவள் எதற்காக ஒளிக்கவேண்டும்?

ஜெர்மனி தேசத்தில் 1866-ம் வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் 'கோல்டெல்ஸே' என்னும் நாவல் வந்தது. எழுதியவர் பெயர் இ. மார்லிட் என்று போட்டிருந்தது. ஆணா பெண்ணா என்று அந்தப் பெயரிலிருந்து யாராலும் சொல்லமுடியாது. உண்மையில் அவர் யூகேனி யோன் என்ற பெண். மேடையில் பாடிக்கொண்டிருந்து, காது மந்தமானதால் அத்தொழிலை விட்டவர். இங்கிலாந்தில் சார்லட் பிராண்டி என்ற பெண், அரசாங்கக் கவிஞராயிருந்த ராபர்ட் சதே என்பவருக்குத் தம் கவிகளை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்கக்கூடாது என்று 1837-ல் அவர் புத்தி சொன்னார். பத்து வருஷம் கழித்து அதே பெண் 'கரர் பெல்' என்று பெயர் வைத்துக்கொண்டு 'ஜேன் அயர்' நாவலை வெளியிட்டார். உலகம் இன்றைக்கும் படிக்கிறது. புத்தி சொன்ன கவிஞரின் கவிகளை எத்தனைபேர் படிக்கிறார்கள் என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

"அது வெள்ளைக்காரன் தேசம், நம் நாட்டில் பெண்ணைத் தெய்வமாகவல்லவோ வைத்திருக்கிறோம்" என்று ஒரு வைதீகர் எழுந்து சொல்லக்கூடும். சரி, நம் நாட்டுக்கே வருவோம். வடநாட்டில் அக்பரி பேகம் என்ற அம்மாள் உருது மொழியில் எழுதிய 'குல்தஸ்தா-இ-முஹப்பத்' என்ற புத்தகம் 'அப்பாஸ் முர்தசா' என்னும் ஆண் பெயரில் வந்தது. பிறகு 1907-ல் வெளியான அவருடைய 'கோதர் கா லால்' நாவலிலாவது சொந்தப் பெயர் வந்ததா என்றால், 'அப்சல் அலியின் தாயார்' என்றுதான் வந்தது. அதற்கு முன்னமே பாட்னாவில் ரஷீதுன்னிசா என்ற அம்மாள் 1881-ல் ஒரு நாவல் எழுதினார். அது பதின்மூன்று வருஷம் பெட்டியில் கிடந்தது. மகன் சீமைக்குப்போய் பாரிஸ்டர் படித்து வந்த பிறகு 1894-ல் அச்சாயிற்று. அதிலும் இன்னாருடைய மகள், இன்னாருடைய சகோதரி, இன்னாருடைய தாய் என்று கண்டிருந்ததே தவிர, எழுதினவள் பெயர் இல்லை!

தோழர்களே! இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பெண் இளமையில் தகப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கியிருக்கவேண்டியது என்பது மநு எழுதிவைத்த விதி. அந்த அம்மாளோ இஸ்லாமியக் குடும்பத்தவர். மநுவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் புத்தகத்தின் முகப்பில் மநு வந்து உட்கார்ந்துகொண்டான். கோவிலுக்குப் போகிறவனும் பள்ளிவாசலுக்குப் போகிறவனும் மாதாகோவிலுக்குப் போகிறவனும் ஆயிரம் விஷயத்தில் சண்டையிட்டாலும், பெண்ணுக்குத் தனிப்பெயர் வேண்டாம் என்பதில் மாத்திரம் அண்ணன் தம்பிகளாய் இருக்கிறார்கள்.

ஆண்களும் புனைபெயர் வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். வைத்துக்கொண்டார்கள். பெரியாரே 'குடி அரசு'வில் சித்திரபுத்திரன் என்று எழுதினார். ரங்கராஜன் என்ற எழுத்தாளர், அதே பெயரில் முன்னமே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், தம் மனைவியின் பெயரை எடுத்து 'சுஜாதா' ஆனார். அவரை யாராவது வீட்டில் பூட்டினார்களா? ஆண் பெண்ணின் பெயரை வைத்துக்கொள்வது சௌகரியத்துக்காக. பெண் தன் பெயரை மறைப்பது உதைக்குப் பயந்து.

பயப்படாதவர்களும் இருந்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் 'தாசிகள் மோசவலை'யைச் சொந்தப் பெயரில் எழுதினார். நாகூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம், 1938-ல் 'காதலா? கடமையா?' என்ற நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். அதே வருஷம் நவம்பர் 13-ந் தேதி சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பெயரைத் தீர்மானம் செய்து கொடுத்தது. தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வாயை அடைக்கப்பட்ட ஜாதி, தலைவருக்கே பெயர் வைத்தது!

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணவேண்டாம். நம் காலத்திலேயே துவரங்குறிச்சியில், பருவமடைந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு பெண், இரவில் கழிப்பறையில் நின்று ஒளித்து எழுதி, வீட்டாருக்குத் தெரியாதபடி 'சல்மா' என்ற பெயரில் அனுப்பினார். 2001-ல் அவ்வூர்ப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, அதுவரை வாசற்படி தாண்டக்கூடாது என்றிருந்த குடும்பமே அவரைத் தேர்தலில் நிறுத்திற்று. நின்றார், ஜெயித்தார், தாமே நிர்வாகமும் செய்தார். 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலும் வந்தது.

அவர் தாமே நிர்வாகம் செய்ததைத்தான் குறிப்பாகச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்தாகிவிட்டது. ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? பலகையில் அம்மாள் பெயர், நாற்காலியில் புருஷன். அன்று புத்தகத்துக்கு வெளியே ஆண் பெயர் இருந்தது, உள்ளே பெண்ணின் மூளை இருந்தது. இன்று வெளியே பெண் பெயர், உள்ளே ஆணின் அதிகாரம். முதலாவதிலாவது வேலை செய்தவள் பெண்! (கைதட்டல்.) உங்கள் ஊரை நாம் சொல்லவில்லை, தென்காசிப் பக்கத்தில் அப்படி எந்த ஊரும் இல்லையென்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளத் தயார். (சிரிப்பு.)

கடைசியாக ஒரு வேலை. வாசகசாலைக்கு அங்கத்தினர் சேர்க்கும் நோட்டு அந்த மேஜைமேல் இருக்கிறது. சென்ற வருஷத்து நோட்டில் பெண்களின் வரிசையைப் பார்த்தோம்: இன்னார் மனைவி, இன்னார் தாயார், இன்னார் வீடு என்றே இருக்கிறது. இந்த நோட்டில் பெயருக்கு மாத்திரம் இடம் விட்டிருக்கிறோம். யாருடைய மனைவி என்று எவரும் கேட்கமாட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெயரைச் சொன்னால் பக்கத்திலிருக்கும் பெண்பிள்ளைகள் எழுதிக்கொள்ளுவார்கள். தோழர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும்.