நாம் இறங்காத ஊர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் இருக்கும். அவற்றுக்கு நடுவே கால் மணி நேரம் கிழவன் ஒருவன் பேச்சையும் கேட்டாக வேண்டும் என்பது நம் சங்கத்தின் பழைய வழக்கம். குழந்தைகளின் கும்மிக்கு முன்னே என்னை நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே சுருங்கச் சொல்ல முயல்வேன். 'சொந்த ஊர்ப் பக்கத்தில் பலரும் அறியாத இடங்கள்' என்னும் தலைப்பைச் செயலாளர் தந்தார். தலைப்பு பெரிது. நான் அறிந்த ஊரோ ஒன்றே. அதனையும் அறுபத்தேழு வயதான பிறகுதான் அறிந்தேன்.

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டியில் நாம் அனைவரும் பயணம் செய்திருக்கிறோம். ரேணிகுண்டா தாண்டியதும் படுக்கையைச் சுருட்டத் தொடங்குவோம். அங்கிருந்து அரக்கோணம் வரையில் பெட்டிகளை எண்ணுவதிலும் செருப்பைத் தேடுவதிலும் பொழுது கழிந்துவிடும். சன்னலுக்கு வெளியே பார்ப்பவர் யார்? மிகமிக நீண்ட பெயர் கொண்ட நிலையம் என்று பள்ளியில் படித்த வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டைகூட அந்த வழியில்தான் நம்மைக் கடந்து போகிறது. அதே வழியில் புத்தூர் என்றொரு நிலையம் உண்டு. புத்தூரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் நாராயணவனம். அது நான் பிறந்த ஊர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டியில், எதிரே அமர்ந்திருந்த சோலாப்பூர்க்காரர் ஒருவர், நகரிக்கு அருகில் மல்லாந்து படுத்தவன் மூக்கைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மலையைக் காட்டி, "இது என்ன மலை?" என்று கேட்டார். "மலைதான்" என்றேன். பத்தொன்பது ஆண்டுகள் அம்மலைகளைப் பார்த்து வளர்ந்தவன் கொடுத்த விடை அது! புத்தூரில் ஏறிய முதியவர் ஒருவர், கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தவர், எனக்காக இரங்கினார் போலும். "அதற்கு நகரி மூக்கு என்று பெயர் ஐயா. கடலில் கப்பல் செலுத்துகிறவர்கள் அதனைக் கண்டு கரையின் இடத்தை அறிந்தார்களாம்" என்று இந்தியிலேயே அவருக்கு எடுத்துரைத்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பெரியவர் கையில் இருந்ததுதான் புத்தூர்க் கட்டு. சென்னைத் தெருக்களில் 'புத்தூர்க் கட்டு' என்னும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புத்தூர் இதுவே. பச்சிலை விழுதும் முட்டையின் வெண்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது இங்குள்ள ஒரு குடும்பத்தார் பல தலைமுறைகளாகச் செய்துவரும் வைத்தியம். (எலும்பு முறிந்தால் முதலில் படம் எடுத்துப் பார்ப்பதே நலம் என்பது என் மருமகளின் கருத்து. அவள் மருத்துவர், நான் மறுப்பதில்லை.)

அன்று பட்ட நாணம் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வாண்டு மார்கழியில் மனைவியையும் பத்து வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு நாராயணவனம் சென்று, என் அக்காள் வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கினேன். ஊரை விட்டு வந்தபின் நான் அங்கு இரண்டு இரவுக்கு மேல் தங்கியது அதுவே முதல் தடவை. அக்காளின் கணவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. குறும்பு குறையவில்லை. "மாமா, இம்முறை பன்னிரண்டு நாள்" என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார். "மச்சான், நீ இதுவரை ஊருக்கு வந்ததில்லை, கலியாணத்துக்குத்தான் வந்திருக்கிறாய். எங்கள் ஊர்ப் பெருமாளும் கலியாணத்துக்கு வந்தவரே. ஆனால் அவராவது மணம் முடிந்தபின் ஆறு மாதம் அகத்தியர் ஆசிரமத்தில் இருந்துவிட்டுத்தான் மலை ஏறினார். நீ பந்தி முடிந்த அன்றிரவே ரயில் ஏறிவிடுகிறாய்" என்றார்.

அந்தக் கலியாணக் கதையை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். ஆகாசராசன் பொன்னேர் பூட்டி உழுதபோது கிடைத்த மகள் பத்மாவதி. யானையைத் துரத்தி வேட்டையாட வந்த சீனிவாசன் அவளைக் கண்டான். வகுளமாலிகை தூது போனாள். குபேரனிடம் கடன் வாங்கித் திருமணம் நடந்தது. அந்த ஆகாசராசனின் தலைநகர் நாராயணவனம் என்பது புராணம். கல்யாண வேங்கடேசுவரர் கோயில் அதன் நினைவாக நிற்கிறது. 1967-ஆம் ஆண்டு முதல் திருமலை திருப்பதி தேவத்தானத்தின் பொறுப்பில் உள்ளது. நம் காலனியிலிருந்து ஆண்டுதோறும் எத்தனை குடும்பங்கள் திருமலைக்குப் போகின்றன! பல மணி நேரம் வரிசையில் நிற்கிறோம். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் மணப்பெண்ணின் ஊர் இருக்கிறது. அங்கு நாட்கணக்கில் கூட்டமே இல்லை.

அக்கோயிலில் பெரிய கல் திருகை ஒன்று உண்டு. திருமணத்துக்கு மாவும் மஞ்சளும் அரைத்தது இதில்தான் என்பது ஊரார் சொல். சிறு வயதில் நூறு தடவையாவது அதனைக் கடந்து ஓடியிருப்பேன். என் பேரன் அதன்முன் நின்று, "இதை யார் அரைத்தார்கள் தாத்தா?" என்று கேட்டான். மாப்பிள்ளை யார், பெண் யார், கடன் கொடுத்தவன் யார், தூது போனவள் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அரைத்தவர் யார் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அக்காள் உடனே சொன்னாள்: "வேறு யார்? எங்களைப்போல் நாலு பேர்."

மறுநாள் முதல் மாமா எங்களைக் காலையும் மாலையும் நடத்தியே அழைத்துச் சென்றார். பத்மாவதி திருமணத்துக்கு முன் வழிபட்டதாகச் சொல்லப்படும் அவனாட்சியம்மன் கோயில்; மரகதவல்லியுடன் அகத்தீசுவரர்; செண்பகவல்லியுடன் பராசரேசுவரர். பெருமாள் ஊர் என்று பெயர் பெற்ற ஓரூரில் இத்தனை சிவாலயங்கள் இருப்பதை வெளியூரார் அறியார். பிறகு சுரைக்காய்ச் சுவாமிகளின் சமாதி. சுரைக்குடுக்கையைத் தோளில் தொங்கவிட்டுத் திரிந்த சித்தர் அவர். தெலுங்கர் 'சொரகாய' என்பார்கள், நாம் 'சுரைக்காய்' என்போம். கைகூப்பும்போது வேறுபாடு தெரிவதில்லை. அங்கிருந்து நெசவாளர் தெரு வழியே திரும்பினோம். தறியின் ஓசையைப் பேரன் அரை மணி நேரம் நின்று கேட்டான். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருந்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஊரார் அருணா நதி என்பது வேறொன்றன்று, நாம் ஆரணியாறு என்று கூறும் ஆறேதான். மழைக்காலம் நீங்கலாகப் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். இளமையில் எங்களுக்கு அது பந்தாடும் திடல். அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை. மாமா ஒரு நாள் வாடகை வண்டி பிடித்து, ஆறு போகும் திசையிலேயே எங்களை அழைத்துச் சென்றார். முதலில் கைலாசகோனை அருவி. மலை மடிப்பில் சிவன் கோயிலை ஒட்டி நீர் விழுகிறது. மழை ஓய்ந்த மாதங்களில் சென்றால் கண் நிறையும். வந்து போனவர்கள் விட்டுச் சென்ற புட்டிகளையும் காண நேரும். கண்ணை மூடிக்கொண்டு நீரில் தலையைக் கொடுங்கள். அப்பால் பிச்சாட்டூர் அணை. அடுத்து நாகலாபுரம், கிருட்டிணதேவராயர் தம் தாயின் பெயரால் அமைத்த ஊர். வேதநாராயணர் அங்கு மச்சாவதாரக் கோலத்தில் இருக்கிறார். மேற்கு நோக்கிய கோயிலாதலால், மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் மாலைக் கதிர் கருவறைக்குள் புகுந்து, முதல் நாள் திருவடியிலும் அடுத்த நாள் அதற்கு மேலும் மூன்றாம் நாள் திருமுடியருகிலும் படியும். அதன்பின் சுருட்டப்பள்ளி. நஞ்சுண்ட களைப்பில் அம்மையின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் சிவனை அங்குக் காணலாம். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று சென்று ஆறு பழவேற்காட்டருகே கடலை அடைகிறது. பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். நீங்கள் இறங்கிக் குளித்தது எங்கள் ஊர் ஆற்றில்தான்!

ஆறு எல்லை பார்ப்பதில்லை. நாம் பார்த்தாக வேண்டியிருந்தது. 1911-இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்த பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் நாராயணவனமும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊர் அதில் சேர்ந்தது. இதனால் எவர் மீதும் எனக்கு மனக்குறை இல்லை. தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் இல்லாவிட்டால் என் அக்காளின் நாட்கள் நகரா. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் சற்றுத் தொலைவாக, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள குடிமல்லத்துக்குச் சென்றோம். அங்குள்ள இலிங்கம் ஏறத்தாழ 5 அடி உயரம். அதில் வேடனைப்போன்ற உருவம் ஆட்டுக் கிடாயையும் மழுவையும் ஏந்தி, ஒரு குறளன்மேல் நிற்கிறது. கி.மு. இரண்டாம் அல்லது முதல் நூற்றாண்டினது என்பர் அறிஞர் பலர். அதன் சிறப்பை உலகறியச் செய்தவர் து. அ. கோபிநாதராவ். அக்கோயில் விக்கிரம சோழன் காலத்தில், 1126-இல், புதுப்பிக்கப்பட்டது. சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் முன் அக்காளின் பேத்தியும் என் பேரனும் நின்றார்கள். இருவரும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். அவள் படிப்பது தெலுங்கு. இவன் படிப்பது இந்தியும் மராத்தியும். "இது என்ன எழுத்து?" என்று இருவரும் ஒருங்கே கேட்டார்கள். "தமிழ்" என்றேன். "படியுங்கள் தாத்தா" என்றார்கள். பழைய எழுத்தை நானும் படிக்க வல்லேன் அல்லேன். ஒரு 'ர'வும் ஒரு 'ப'வும் தேடிக் காட்டினேன். அவ்வளவே என்னால் முடிந்தது. திரும்பும் வழியில் இருவரும் வண்டியின் தூசு படிந்த கண்ணாடியில் அவ்விரண்டு எழுத்துகளையும் விரலால் எழுதிக்கொண்டே வந்தார்கள். ஞாயிறுதோறும் நம் சங்க அறையில் நடக்கும் தமிழ் வகுப்பில் இப்போது என் பேரனும் இருக்கிறான் என்றால், அதற்கு நான் காரணம் அல்லேன். குடிமல்லத்துச் சுவரே காரணம்.

இதனை நான் இவ்வாண்டு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காளின் மகன் ஐதராபாத்தில் இருக்கிறான்; பெற்றோரைத் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கிறான். அவன் அழைப்பதும் நியாயமே. மாமாவுக்குப் படி ஏற முடியவில்லை. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அவ்வீடு பூட்டப்படும். அதன்பின் நாராயணவனத்துக்குப் போனால் நானும் விடுதியில் அறை எடுக்க வேண்டியவனே. இன்ன கல்லுக்கு இன்ன கதை என்று சொல்ல மாமா இருக்கமாட்டார்.

ஆகையால் வரும் மார்கழி விடுமுறையில் நம் காலனியிலிருந்து சில குடும்பங்கள் என்னோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வைகாசியில் பிரம்மோற்சவம் சிறப்பாக நடக்கும். எனினும் குழந்தைகளுக்கு அவ்வெயில் ஆகாது. திருமலைக்குச் செல்பவர்கள் தரிசனம் முடித்துவிட்டு அங்கிருந்தே வந்து சேரலாம். அருவிக்கு மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பதற்கு ஏற்ற செருப்பு வேண்டும். மாமா இப்போது கோலூன்றி நடக்கிறார், ஆயினும் நம்மைவிட விரைவாக நடப்பார்.

அக்காளிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். வீட்டில் பத்துப் பாய்கள் இருக்கின்றனவாம். பதினோராவது ஆள் வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொன்னாள்.